இஸ்பேட் ஏழு

ஜூலை 12, சனி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், கெஞ்சிக் கேட்கிறேன், படிக்காமல் மூடிவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அத்தாவிடம். காசு வைக்காவிட்டாலும் சீட்டு சூதுதான், ஹராம்தான் என்பார்.

நாங்கள் வைப்பது மருந்து முக்காத தீக்குச்சி. டியூஷன் முடிந்ததும் என் தோழி சுகிர்தா வீட்டு மாடியில் போக்கர். ஆளுக்கு ஐந்து சீட்டு. மூன்று வரை ஒரு தடவை மாற்றலாம். பிறகு குச்சி வைக்க வேண்டும். எதிராளி அதே அளவு வைக்கணும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுவிடணும். சீட்டுக்கட்டு, கீழே சீட்டு அச்சடிக்கும் அவள் அப்பா பிரஸ்ஸில் கழித்துப்போட்டதில் பொறுக்கிச் சேர்த்தது. இஸ்பேட் ஏழு மட்டும் கிடைக்கவில்லை. பின்பக்கம் அச்சாகி முன்பக்கம் வெள்ளையாக நின்றுபோன ஒரு சீட்டில் நானே வரைந்தேன்.

ஒரு வருசமாக இது எங்கள் இரண்டு பேர் ரகசியம். இன்று பர்ஹத் உட்கார்ந்திருக்கிறாள். என் பெரியத்தா மகள். ஜூனில்தான் காரியாபட்டியிலிருந்து அடுத்த தெருவுக்கு வந்தார்கள். சுகிர்தா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூலை 14

சுகிர்தாவின் வாட்ஸப் படத்தில் அவளும் பர்ஹத்தும். அந்தப் படத்தில் நானும் இருந்தேன். வெட்டியிருக்கிறாள்.

ஜூலை 19, சனி

பர்ஹத்துக்கு ஆடவே தெரியவில்லை. சீட்டைக் கவிழ்க்கவே மாட்டாள். கையில் ஒன்றுமில்லாமல் “பாத்துருவோமே” என்று குச்சியை வைக்கிறாள்.

எனக்கு இரண்டு ஆறு, இரண்டு எட்டு என்று சின்ன ஜோடி வந்தால் பயந்து கவிழ்த்துவிடுவேன். சுகிர்தாவிடம் அதுதான் சரி. ஆனால் வெறுங்கையோடு நிற்பவளிடம் எட்டு ஜோடியே போதும்! இன்று ஒன்றையும் விடவில்லை. நாற்பது குச்சி.

“பாவம்டி, அவளப் போயி இப்பிடி மொட்டையடிக்கிறியே” என்று சுகிர்தா தன் குச்சியில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள். எனக்கு ஒரு தடவையாவது தள்ளியிருக்கிறாளா?

பிறகு சொன்னாள்: “ஆடிப் பதினெட்டுக்கு அப்பா குத்தாலம் கூட்டிட்டுப் போறாக. கார்ல ஒரு ஆளுக்குத்தான் எடம். அடுத்த சனிக்கெழம ஜெயிக்கிறவ வரலாம்டி.”

என்னை அழைக்க அவளுக்கு ஆட்டம் தேவையா?

ஜூலை 22

அத்தா கடை பார்சல்களுக்கு முகவரி எழுதினேன். அத்தா வழக்கம்போல, “ஏழுக்கு நடுவுல கோடு போடாதம்மா. லாரி ஆபீஸ்காரன் இது என்ன எழவுன்னு கேக்கான்.” கை கேட்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 26, சனி

கடைசி ஆட்டம் வரை நான்தான் முன்னால். அதில் ஒரு ஜோடிகூட வரவில்லை. கவிழ்த்திருக்கலாம். ஆனால் சுகிர்தா பர்ஹத் தோளில் நாடியை வைத்து அவள் சீட்டையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் இருட்டிவிட்டது. பூச்சாண்டி காட்டினால் ஓடிவிடுவாள் என்று இருந்த குச்சியெல்லாம் தள்ளினேன்.

கவிழ்க்கவே தெரியாதவளிடம் பூச்சாண்டி!

“பாத்துருவோமே” என்று அவளும் இருந்ததையெல்லாம் வைத்தாள். நாலு ஜோடி. வெறும் நாலு ஜோடி.

சுகிர்தா அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நான் சீட்டுக்கட்டை எடுத்து என் பைக்குள் போட்டேன். யாரும் கவனிக்கவில்லை. என்னை யார் கவனிக்கிறார்கள்?

தெருமுனையில் பர்ஹத் சொன்னாள்: “நீ போயிட்டு வா சனா. எனக்குக் கார்ல போனா வாந்தி வரும்.”

“ஒன் பிச்ச ஒண்ணும் வேணாம்டி.”

அவள் அம்மா சாலிஹா பெரியம்மா டீ குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். பர்ஹத் முகம் கழுவப் போன நேரம் — சீட்டுக்கட்டை அவள் பையின் முன் அறையில் வைத்துவிட்டேன். டிபன் பாக்ஸ் எடுக்கப் பெரியம்மாதான் அதைத் திறப்பார்கள்.

போய் எடுத்துவிடலாமா?

ஜூலை 27

சாலிஹா பெரியம்மா போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

பர்ஹத் “என்னோடதுதான்” என்றாளாம். அவ்வளவுதான். என் பெயரும் இல்லை, சுகிர்தா பெயரும் இல்லை. அவளுக்கு டியூஷன் நிறுத்தம். போனையும் பிடுங்கிவிட்டார்கள்.

சுகிர்தா என்னிடம் போனில், “குத்தாலத்துக்கு நீதான். சந்தோசமா?” என்றாள். சாதாரணமாகக் கேட்டாளா, தெரிந்து கேட்டாளா?

ஜூலை 28

“யாரு குடுத்தா?” என்று பர்ஹத்திடம் இன்றும் கேட்டிருக்கிறார்கள். “என்னோடதுதான்.” சீட்டிலும் இப்படித்தான் நிற்பாள். நான் அதற்கு ஆடத் தெரியாதவள் என்று பெயர் வைத்தேன்.

பெரியத்தா சீட்டுக்கட்டை எங்கள் கடைக்கு எடுத்துவந்து அத்தாவிடம் கொடுத்தாராம். அம்மா சொன்னாள். அத்தா ராத்திரி சாப்பிடவில்லை. கூடத்தில் விளக்கு எரிகிறது. சீட்டை ஒவ்வொன்றாகப் போடும் சத்தம்.

அதில் இஸ்பேட் —

அல்லாவே. ஏழு. நான் வரைந்த ஏழு. நடுவில் கோடு.

எப்படி மறந்தேன்? பர்ஹத் முதல் நாளே பார்த்துவிட்டு, “இது ஒன் எழுத்துல்ல?” என்று கேட்டாளே. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் என்னோடது என்றாளா?

நானே போய்ச் சொல்லிவிட்டால்? இப்போதே எழுந்து

சத்தம் நின்றுவிட்டது. நடந்து வருகிறார். கதவைத் தட்டுகிறார்.

“சனா, முழிச்சிருக்கியாம்மா? பேனாவ எடுத்துட்டு வா. ஒரு ஏழு போட்டுக் காட்டு.”