ரேடியேட்டரில் மஞ்சள்

தூத்துக்குடி
14.10.1975

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அத்தானுக்கு ஆக்னஸ் எழுதுவது. பிள்ளைகள் இருவரும் சுகம். நானும் உடம்பளவில் சுகம். உங்களுக்குக் கப்பலில் வந்த வயிற்றுவலி விட்டுவிட்டதா என்று மறக்காமல் எழுதவும்.

ரோட்டர்டாமிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. தண்ணீர்கூட ஊற்றாமல் டாக்சியை ஓடவிட்டு இன்ஜினைக் கெடுத்துவிட்டேனாம், சாவியை உங்கள் ரோச் அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டுமாம். உங்கள் அண்ணன் எழுதியதை அப்படியே நம்பிவிட்டீர்கள். என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வரி கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, அத்தான். கோபம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

தண்ணீர் ஊற்றத் தெரியாதவளா நான்? நீங்கள் கப்பலேறிய இந்தப் பதினான்கு மாதத்தில் நம் கிணற்றுத் தண்ணீரை ஒரு நாளும் ரேடியேட்டரில் ஊற்ற விட்டதில்லை. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் குழாயெல்லாம் அரித்துவிடும் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. தெருக்குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும்போது வரிசையில் நின்று வண்டிக்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து வைப்பேன். உப்பளத்துப் பக்கம் சவாரி போய் வந்தால் டிரைவர் மந்திரமூர்த்தி முன்தகட்டில் அப்பியிருக்கும் தூசியைப் பழைய பிரஷால் தட்டி எடுப்பார். மாதம் ஒருமுறை பழைய தண்ணீரை அடியில் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவார். அப்போது நானும் பக்கத்தில் நிற்பேன்.

பனிமய மாதா திருவிழா முடிந்த மறுநாள் உங்கள் அண்ணன் வந்தார். "ஏளா ஆக்னஸ், வண்டியை நாலு நாள் நம்ம பட்டறையில விடு, சர்வீஸ் பண்ணித் தாரேன்" என்றார். சொந்த அண்ணன்தானே என்று விட்டேன். திரும்பி வந்த வண்டியில் ரேடியேட்டருக்குப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. அக்கறையாகச் செய்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

செப்டம்பர் இரண்டாம் தேதி காலையில் அவர் மகள் மரியசெல்விக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். உங்கள் அண்ணன் வேலையாக ஆறுமுகநேரி போயிருந்தார். நம் வண்டியில்தான் ஏற்றினோம். புறப்படுமுன் மந்திரமூர்த்தி மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் கழுத்தளவுக்கு இருந்தது. அந்த அவசரத்தில் நிறத்தை யார் பார்த்தார்கள்! மரியசெல்வி என் மடியில் தலை வைத்திருந்தாள்.

வல்லநாட்டு மேட்டில் முன்பக்கம் புகையாக ஆவி கிளம்பியது. மந்திரமூர்த்தி அந்த நிமிடமே இன்ஜினை நிறுத்திவிட்டார். ஈரச் சாக்கைப் போட்டு மூடியை மெல்லத் திருகியபோது கொதித்துப் பொங்கி வந்தது மஞ்சள் தண்ணீர். ரோட்டில் வழிந்ததைத் தொட்டு முகர்ந்தேன். நான் தினமும் குழம்பில் போடும் மஞ்சள்தூள்! "ஓட்டையை அடைக்க மஞ்சத்தூள் கொட்டியிருக்காவம்மா. மேல சார் வச்ச ஈயப் பத்தவைப்பையும் காணோம். இது நம்ம ரேடியேட்டரே இல்ல" என்றார் மந்திரமூர்த்தி.

மரியசெல்வி "சித்தி, சித்தி" என்று என் கையைப் பிறாண்டினாள். நடுரோட்டில் நின்று கையை ஆட்டினேன். மூன்று வண்டிகள் நிற்காமல் போயின. கடைசியில் ஓர் உப்பு லாரிக்காரர் நிறுத்தி, அவளை முன்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றார் டாக்டரம்மா.

மறுநாள் உங்கள் அண்ணனிடம் போய்க் கேட்டேன். "பொம்பளைக்கு ரேடியேட்டரைப் பத்தி என்னளா தெரியும்? தண்ணி ஊத்தாம ஓட்டினா கொதிக்கத்தான் செய்யும்" என்று வேலையாட்கள் முன்னால் சிரித்தார். உங்களுக்கு அந்தக் கடிதத்தையும் அவர் அன்றைக்கேதான் போட்டிருப்பார். அவர் பட்டறையில் வேலை பார்க்கும் அற்புதமணிதான் மனது கேளாமல் என் பின்னாலேயே தெருமுனை வரை வந்து, நம் ரேடியேட்டரைக் கழற்றிச் சாயர்புரம் தேவகனி அண்ணாச்சி காருக்கு விற்றுவிட்டார் என்று சொன்னான்.

நானும் மந்திரமூர்த்தியும் பஸ் ஏறிப் போனோம். பானட்டைத் தூக்கினால், போன லீவில் நீங்கள் ஈயம் உருக்கிப் பத்தவைத்த இடம் அப்படியே இருக்கிறது. அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. "பிள்ளைத்தாச்சியை நடுவழியில நிப்பாட்டின காரியம் எனக்குத் தெரியாது தாயி. கழட்டிக்கிட்டுப் போ. ரோச்சுகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் என் மடியில் வைத்தே கொண்டுவந்தேன். மந்திரமூர்த்தி ரப்பர்க் குழாய்களைப் புதிதாக மாற்றி அதைப் பூட்டினார். இன்ஜினில் கேஸ்கட் ஒன்றுதான் போயிருந்தது. அதையும் மாற்றியாயிற்று. இப்போது புதுத் துறைமுகத்துக்கும் திருச்செந்தூருக்கும் தினமும் ஓடுகிறது. கெட்டுப்போன இன்ஜின் ஓடுமா, நீங்களே சொல்லுங்கள்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதுவதாகவே இல்லை. மரியசெல்விக்குத் தன் அப்பா செய்தது தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். மரியசெல்வி என்னைத்தான் ஞானத்தாயாக நிற்கச் சொன்னாள். முடிந்து வெளியே வரும்போது உங்கள் அண்ணன் பக்கத்தில் வந்து, "தம்பிக்கு ஏதும் எழுதினியா?" என்று கேட்டார். இடுப்பில் செருகியிருந்த உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினேன். படித்தார். தலை நிமிரவில்லை. "எம்மவளுக்கு மட்டும் சொல்லிராதளா" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் என் புருஷனுக்கு எழுதுவேன் என்றும் சொன்னேன். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாவி என்னிடம்தான் இருக்கும். அதில் பேச்சில்லை. உங்கள் அண்ணனைத் திட்டி எழுத வேண்டாம், அவர் பட்டது போதும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி இந்த வீட்டைப் பற்றி யார் என்ன எழுதினாலும் முதலில் என்னைக் கேளுங்கள். கேட்டுப் பதில் வர ஒரு மாதம் ஆகும் என்று எனக்கும் தெரியும். அந்த ஒரு மாதம் என்னை நம்பியிருங்கள்.

மாதா உங்களைக் கடலில் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
ஆக்னஸ்