அத்தானுக்கு எடுக்கப் போன வாட்ச்

என் ஆசை வடிவக்கா,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் நீ இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று இருந்தேன். ஆனால் போன வாரம் நான் செய்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நீ என் வாயால் கேட்டுக்கொள்.

உன் மீனாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. "புள்ளைக்குத் தாய் வேணும்லா?" என்று பெரியப்பாதான் ஆரம்பித்தார். அப்பா இல்லாத வீட்டில் அவர் சொல்தானே சட்டம்? அக்கா போன இடத்துக்குத் தங்கச்சி போவது வாசுதேவநல்லூரில் நடக்காததா என்றார். அம்மாவும் தலையாட்டினாள். நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. அதை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

நீ என்னடி சொன்னாய் என்று கேட்பாய். ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. மீனாவை மடியில் வைத்துக்கொண்டு எப்படி மாட்டேன் என்பது?

மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்க மூன்று பேருமாகத் தென்காசிக்குப் பஸ் ஏறினோம். உன் கல்யாணத்துக்கு அத்தானுக்குப் போட்டது கனத்த வாட்ச், தினமும் சாவி கொடுக்க வேண்டும். இப்போது குவார்ட்ஸ் என்று புதிதாக வந்திருக்கிறது. சாவியே கிடையாது, உள்ளே மாத்திரை அளவில் ஒரு பேட்டரி. கோயில் பக்கத்துக் கடையில் அண்ணாச்சி துணியை விரித்து வரிசையாக எடுத்து வைத்தார். ஒன்றின் மேல் என் கை தானாகப் போயிற்று. அவ்வளவு மெலிசு. ஓரம் முழுக்க விரலை ஓட்டினேன், எங்கேயும் உறுத்தவில்லை. மூடி சேர்கிற இடம்கூடத் தெரியவில்லை. வெள்ளை முகத்தில் நொடிமுள் ஒவ்வொரு எட்டாக வைத்து நடந்தது.

அதைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. காய்ச்சலில் நீ கண் திறக்காமல் கிடந்தபோது, ஒரு நர்ஸ் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் வாட்சையே பார்த்து நின்றாள். நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். அவள் ஒருத்திதான் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் உனக்கு வேண்டியிருந்தது என் அழுகையா, அவள் எண்ணிக்கையா? அந்தக் கேள்விதான் என்னை விண்ணப்பம் போட வைத்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏட்டி, மாப்பிள்ள கைக்கு இது நல்லாருக்குமா?" என்றாள் அம்மா.

"அவருகிட்டயே கேட்டுட்டு வாரேன். நீங்க இங்கனயே இருங்க."

"ஏட்டி, எங்கன போற?" என்று பெரியப்பா கத்தியது தெரு முனைவரை கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. குற்றாலம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

சீசன் தொடங்கி நல்ல சாரல். அருவிக்குப் போகிற வழியில் அத்தானின் துண்டுக் கடையில் ஒரே கூட்டம். என்னைத் தனியே பார்த்ததும் பதறிப்போய், "புள்ளைக்கு என்ன?" என்றார்.

"மீனா நல்லா இருக்கா. பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்துருக்கோம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் அத்தான். என்னக் கட்டிக்கிட உங்களுக்குச் சம்மதமா?"

அவர் கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நீ ஆசப்படுதன்னு மாமா சொன்னாரு."

"நீங்க ஆசப்படுதீங்கன்னு எங்கிட்ட சொன்னாரு."

துண்டை அடுக்கில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னார்: "உன் முகத்துல அவ சாடை இருக்கு கோமு. ஒவ்வொரு தரமும் நான் அவளத்தான் தேடுவேன். அது உனக்குச் செய்யுத அநியாயம்." நான் அங்கேயே நின்று அழுதேன், அக்கா. உனக்காகவும் அழுதேன், தப்பித்தேன் என்றும் அழுதேன். கோபித்துக்கொள்ளாதே.

அவர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு என்னோடு தென்காசிக்கு வந்தார். "மாமா, எனக்கு வாட்ச் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம். புள்ளைய என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், எங்கூடப் பொறந்த அக்காவ வந்து பாத்துக்கிடச் சொல்லுதேன்" என்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் அண்ணாச்சியிடம் அதே வாட்சைக் கேட்டேன்.

"அது ஆம்பளைங்க கட்டுததும்மா. பொம்பளப் புள்ளைக்குச் சின்னதா, வளையல் மாதிரி இருக்கே."

"அதுல நொடிமுள் இல்லையே அண்ணாச்சி. நாடி பாக்கணும். எனக்கு இதுதான் வேணும்."

பட்டை என் கைக்குத் தொளதொளவென்று இருந்தது. அவர் ஊசியால் இன்னொரு துளை போட்டுக் கொடுத்தார். நான் ஒரு கையால் மாட்டத் தடுமாறினேன். அம்மா திரும்பி, என் கையை இழுத்து வைத்து மாட்டிவிட்டாள். "என்னைக்குச் சேரணும்?" என்றாள். அவ்வளவுதான். உன் சாவுக்குப் பிறகு அவள் என்னைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

திங்கட்கிழமை போய்ச் சேருகிறேன். பெட்டி கட்டியாயிற்று. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் போவேன்.

மீனா என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறாள். போன மாதம் ஒருநாள் அம்மா என்றாள். "இல்லடா, சித்தி" என்றேன். நாளைக்கு அத்தான் வேறு யாரையாவது கட்டினாலும் கட்டட்டும், அவளும் நல்லவளாக இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் நான் குற்றாலம் போவேன். நீ எப்படிச் சிரிப்பாய், எதற்கெல்லாம் கோபப்படுவாய் என்று உன் மகளுக்குச் சொல்வேன். பெற்றவள் யாரென்று தெரியாமல் அவளை வளரவிட மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
மீனாவுக்கு என்றைக்கும் சித்தி,
கோமு