கை வழுக்கிய பதில்

மாமாவுக்கு வணக்கம். உங்கள் மனைவி பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை, மானம்தான் போனது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, பாட்டிலை வைத்து அழகு பார்க்கிறீர்களா?

எங்கள் சலவைக்கூடத்தில் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'வீட்டை நினைத்து அழுவதுண்டா?' என்று ஒரு கேள்வி. என்னைச் சிரிப்புப்பெட்டி என்று கூப்பிடும் இஸ்திரிக்காரி பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். 'இல்லை' என்று டிக் அடித்தேன். மறுவாரம் அதே கேள்விகள் கம்ப்யூட்டரில், தனி அறையில். அதற்கு முகமா இருக்கிறது, வெட்கப்பட? 'தினமும்' என்று அழுத்திவிட்டேன்.

எதில் ஆட்கள் உண்மை சொல்கிறார்கள் என்று பார்க்கத்தானாம் இரண்டும். இன்று கேள்வித்தாள் கொடுத்த ஆபீசர் அம்மா, இரண்டு பதிலையும் மேசையில் வைத்து, எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, இதுல எது நிஜம்?"

"பேப்பருதான் மேடம். கம்ப்யூட்டர்ல கை வழுக்கிடுச்சு."

"அதெப்படிடி, கரெக்டா 'தினமும்'ல போய் வழுக்குச்சு?" என்றாள் இஸ்திரிக்காரி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றுதான் தெரியவில்லை.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், மேசை துடைக்க. துவைக்க வேண்டாம். விடுதிக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

சொல்ல மறந்தேன். திரும்பும்போது ஆபீசர் அம்மாவின் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன். என் கேள்வித்தாளில் மை முழுக்கக் கரைந்துவிட்டது. இனிமேல் கம்ப்யூட்டரில் இருப்பதுதான் செல்லுமாம்.