கை காட்டினால் நிற்கும் ரயில்

அன்புள்ள டெல்லா,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பாலப் பணிக்காக நான் தங்கியிருக்கும் இம்மலைநாட்டு நிலையத்தில், ஏறுபவர் கை காட்டினால்தான் ரயில் நிற்கும். நேற்று வந்த ரயிலின் ஜன்னலில் உன்னுடையதைப் போன்ற நீலத் தொப்பியைக் கண்டதும், என் கை தானாக உயர்ந்துவிட்டது. ரயில் நின்றது. தொப்பி அணிந்திருந்தவர் ஒரு தாடிக்காரர்.

இங்கே எல்லோருக்கும் நான் விதிகளை எடுத்துச் சொல்வதை அறிந்த ஓட்டுநர் ஹாமிஷ் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, ஏறலையா?"

"மன்னிச்சுக்கங்க, தெரியாம காட்டிட்டேன்."

"ஊருக்கே சட்டம் பேசுற ஆளு! பொண்டாட்டி வந்துட்டான்னு நெனச்சியா?" என்று சிரித்தபடி ரயிலைக் கிளப்பினார்.

கம்பளிக் காலுறைகள் தேவைப்படுகின்றன. தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. இங்கே இறங்க வேண்டுமானால் ரயில் கார்டிடம் முன்பே சொல்ல வேண்டும் என்பது விதி. மறந்தாலும் கவலையில்லை, நான் நடைமேடையில் கை நீட்டி நிற்பேன்.

அவசரத்துடன்,
எட்வின்