ஒரு கரண்டி கருஞ்சீரக எண்ணெய்

10 நவம்பர் 2025, திங்கள்
மாநகராட்சிக் கூட்டத்தில் குடிநீர்ச் சண்டை. பத்திரிகைக்கு அரைப் பத்தி தேறியது. மாலையில் என் மனைவி பானுவோடு ஆஸ்பத்திரி. கர்ப்பப்பைக் கட்டி பெரிதாகிவிட்டது, வெள்ளிக்கிழமை அறுவை. மயக்க மருந்து டாக்டர் சுகன்யா, "ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களாம்மா?" என்றார். "ஒண்ணும் இல்ல" என்றாள் பானு, கொஞ்சம் பெருமையாகவே.

11, செவ்வாய்
டாக்டரை மறுபடி பிடித்தேன். அறுவையில் ரத்தம் நிறையப் போனால்? மாற்று ரத்தம் வரும்வரை நரம்பு வழியாக ஈடு திரவம் ஏற்றுவார்களாம். உப்புநீர் ஒரு வகை. மாவுச்சத்தில் செய்தது இன்னொன்று. அது ரத்தக் குழாயில் அதிக நேரம் தங்கி அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும். ஆனால் ரத்தத்தை நீர்க்க வைப்பதோடு, உறைய உதவும் தட்டணுக்களையும் மந்தமாக்கும். அதனால் அதைக் கூடியவரை தொடுவதில்லை என்றார்.

விளம்பரம் வராத நாளில் பக்கத்தை அடைக்கத் துணுக்குப் போடுவோமே, அந்தக் கதைதான். இடம் நிரம்பும், செய்தி ஆகாது.

"இது பேட்டியா சார், பயமா?" என்றார் டாக்டர். இரண்டும்தான்.

12, புதன்
சோதனைக்கு ரத்தம் எடுத்த இடத்தில் பானுவின் கையில் கத்தரிக்காய் நிறத்தில் பெரிய திட்டு. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறாள். பிறகு ஏன்?

13, வியாழன்
'ஆமாம், இல்லை' என்று பதில் வரும் கேள்வியால் பயனில்லை. மாற்றிக் கேட்டேன்: காலையில் எழுந்ததும் என்னவெல்லாம் வாயில் போடுகிறாய்?

ஒரு கரண்டி கருஞ்சீரக எண்ணெய், தேனில் ஊறிய பச்சைப் பூண்டு. தினமும் விடியலில் சுபுஹு தொழுகை முடிந்ததும் — நான் குறட்டை விடும் நேரம்.

"டாக்டர்ட்ட ஏன் சொல்லல?"

"அது மருந்தா? எங்கம்மா பழக்கிவிட்டது. அப்ப சோத்துக்குத் தொட்டுக்கிற வெஞ்சனத்தையும்ல சொல்லணும்."

டாக்டருக்குப் போன் போட்டேன். இரண்டுமே தட்டணுக்களை மந்தமாக்கக்கூடும். அதற்கு மேல் ஈடு திரவமும் ஏறினால் ரத்தம் நிற்பது கடினம். நாளைக்கு அறுவை வேண்டாம் என்றார். எல்லாவற்றையும் நிறுத்தி, ரத்தம் உறைவதைச் சோதித்த பிறகுதான் தேதி.

14, வெள்ளி
பானுவுக்கு என்மேல் கோபம். பூண்டு இல்லாத ரசம்.

25, செவ்வாய்
சோதனை சரியாக வந்ததால் இன்று அறுவை. ரத்தம் கொடுக்கவென்று பானுவின் தம்பி மன்சூர், பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். எனக்குக் கேள்வி கேட்க ஆளில்லை. பூட்டிய கதவு. உள்ளே என்ன பாட்டில் ஏறுகிறதோ?

டாக்டர் வெளியே வந்தார். "உப்புத்தண்ணியிலயே முடிஞ்சிருச்சு சார். கசிவு இல்ல. நல்லா இருக்காங்க."

தன் ரத்தத்தைக் கேட்கவில்லையே என்று மன்சூருக்கு ஏமாற்றம். நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

29, சனி
வீட்டுக்கு அனுப்பும் முன் நர்ஸ் பவித்ரா மருந்து பற்றிய அதே கேள்வியைக் கேட்டார். பானு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"செத்த நேரம் ஆகும்த்தா, எழுதிக்க. பூண்டு, கருஞ்சீரகம் — நிறுத்திட்டேன். வெந்தயம், சுக்கு, ராத்திரிக்கு ஒரு சிறுமலை வாழைப்பழம்…"

நர்ஸ் தாளைத் திருப்பினார்.

"அப்புறம் இந்த மனுசரோட கேள்வி. சாப்பாட்டுக்கு முன்னயும் பின்னயும்."

"அதையும் நிறுத்திருவோமாம்மா?"

பானு என்னைப் பார்த்தாள்.

"வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."