ஏழாம் எண் அழகு நிலையத்தில் இரும்பு வெல்டிங் நடப்பது குறித்து

அனுப்புநர்:
உரிமையாளர்,
இரும்பு கேட், கிரில் பட்டறை
(தங்கள் பதிவின்படி: அழகு நிலையம்),
தொழிற்கூடம் எண் 7,
மகளிர் தொழிற்பேட்டை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மகளிர் தொழில்முனைவு மற்றும் தலைமைத்துவ மேம்பாட்டுத் திட்ட அலுவலகம்.

பொருள்: இல்லாத அழகு நிலையத்துக்கு விருதும், இருக்கும் வெல்டிங் பட்டறைக்குப் பூட்டும் வழங்கப்பட்டுள்ளன – பூட்டை மட்டும் நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகம் வழங்கிய சிறந்த அழகுக்கலைத் தொழில்முனைவோர் விருது.
2. அதே அலுவலகம் அனுப்பிய வெளியேற்ற அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத இது சொந்தக் கடிதம் அல்ல. எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. நான் வெல்டர். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி ஆகியவை செய்கிறேன். என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் நாத்தனார். என் கணவர் டெம்போவில் சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்கிறார். தீப்பொறி என்றால் அவருக்கு ஆகாது. ஆகையால் பட்டறைக்குள் கால் வைக்க மாட்டார், வாசலோடு சரி. இதை எழுதக் காரணம் உண்டு. இதுவரை வந்த தங்கள் அதிகாரிகள் அனைவரும், பெண்களின் தலைமைத்துவம் பற்றி விசாரிக்க வேண்டியதை எல்லாம் வாசலில் நின்ற அவரிடமே விசாரித்துவிட்டுப் போனார்கள்.

2. தொழிற்கூடம் கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, கணினியில் பதிவு செய்த பெண் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். பெண்கள் செய்யக்கூடிய தொழில்கள் என்று திரையில் ஒரு வரிசை இருந்தது. தையல், மெழுகுவர்த்தி, பொம்மை, பூச்செண்டு, அழகு நிலையம். வெல்டிங் இல்லை. "அக்கா, எதையாவது ஒண்ண அமுக்கினாத்தான் அடுத்த பக்கமே போகும். அப்புறமா மாத்திக்கலாம்" என்றார். நீங்களே ஏதாவது பார்த்துப் போடுங்கள் என்றேன். அவர் சற்று யோசித்து, "நீங்களும் தேய்ச்சு, பூச்செல்லாம் அடிச்சு, பளபளன்னுதானே அனுப்புறீங்க?" என்று கேட்டு, அழகு நிலையத்தை அமுக்கினார். அந்த நேரத்தில் அது எனக்கும் நியாயமாகவே பட்டது.

3. அதன் பிறகு தங்கள் திட்டம் என்னை மேம்படுத்தத் தொடங்கியது. முகப்பூச்சு, நகப்பூச்சு, புருவம் திருத்துதல் ஆகிய பயிற்சிகளுக்கு வராவிட்டால் தொழிற்கூடம் கிடைக்காது என்றார்கள். வந்தேன். கடைசி நாள் தலைமைத்துவ வகுப்பு. கண்ணை மூடி, உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் தலைவியை எழுப்பச் சொன்னார் பயிற்சியாளர். ஐயா, என் உள்ளே இருந்த தலைவி அன்று விடிந்ததும் எழுந்து, நான்கு பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, வெல்டிங் ராடு தராமல் இழுத்தடித்த கடைக்காரரிடம் சண்டையும் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வந்திருந்தாள். கண்ணை மூடியதும் அவள்தான் தூங்கிவிட்டாள்.

4. மானியத்தில் தாங்கள் வழங்கிய கருவிகளுக்கு மனமார நன்றி தெரிவிக்கிறேன். இதில் கேலி எதுவும் இல்லை. காலால் மிதித்தால் ஏறி இறங்கும், எந்தப் பக்கமும் சுழலும் அந்த நாற்காலியின் அருமையைக் கண்டுபிடித்தவர் என் நாத்தனார். அதன்மேல் கிரிலை வைத்துக் கட்டிவிட்டால் குனியாமல், நிமிராமல், சுற்றிச் சுற்றிப் பற்றவைக்கலாம். எங்கள் ஐந்து பேரின் இடுப்பு வலியும் பாதியாகக் குறைந்தது. கைக்கண்ணாடி, எட்டாத மூலையில் பற்றவைப்பு சரியாக விழுந்ததா என்று பார்க்க உதவுகிறது. தலை அலசும் தொட்டியில் சூடான இரும்பைக் குளிரவைக்கிறோம். அரசுப் பொருள் எதுவும் தூசு படிந்து கிடக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. இப்படியிருக்க, திட்டத்தைப் பார்வையிட மேலிடத்து விருந்தினர்கள் வருவதாகத் தகவல் வந்தது. தங்கள் உதவியாளர் ஓடிவந்தார். பட்டறையைப் பார்த்தார்; தலையில் கை வைத்தார். "அம்மா, ஒரே ஒரு மணி நேரம் பார்லர் மாதிரி இருங்கம்மா, என் மானத்தக் காப்பாத்துங்க" என்று கெஞ்சினார். பாவமாக இருந்தது. கேட்களைச் சுவரோரம் சாய்த்து, துணி போட்டு மூடினோம். நாத்தனாரை நாற்காலியில் உட்காரவைத்து, விருந்தினர் முன்னிலையில் நான் புருவம் திருத்தினேன். அவர்கள் கைதட்டிய வேகத்தில் எனக்குக் கை நிலைகொள்ளவில்லை. இடது புருவம் பாதிதான் மிஞ்சியது. அதற்குத்தான் பார்வை ஒன்றில் கண்ட விருது வழங்கப்பட்டது. அந்தப் புகைப்படம் தங்கள் அலுவலக வரவேற்பறையில் பெரிதாக மாட்டப்பட்டிருப்பதால், நாத்தனார் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. என்னோடு பேசுவதும் வேலை விஷயமாக மட்டுமே.

6. சென்ற மாதம் தங்கள் ஆய்வுப் பிரிவு அதிகாரி வந்தார். வழக்கம்போல் என் கணவரிடம் ஓனர் யார் என்று கேட்டார். அவர் உள்ளே கையைக் காட்டினார். நான் முகக்கவசம் போட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். "அவங்க ஏன் மூஞ்சிய மூடியிருக்காங்க? ஃபேஷியலா?" என்று கேட்டார். பிறகு தீப்பொறியைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார். அழகு நிலையத்துக்கு ஒதுக்கிய இடத்தில் முறைகேடாக இரும்பு வேலை நடக்கிறது, வாடிக்கையாளர் என்று ஒரு பெண்கூட இல்லை, ஆகவே இந்த மாத இறுதியில் பூட்டி முத்திரை வைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது.

7. தொழிலின் பெயரை மாற்றித் தரும்படி கேட்டு அலுவலகம் வந்தேன். பழைய தொழில் நஷ்டத்தில் மூடப்பட்டதாகக் காட்டினால்தான் புதிய தொழிலைப் பதிய முடியுமாம். விருது வாங்கிய நிலையம் நஷ்டம் என்று காட்ட விதியில் இடமில்லையாம். "நல்லா ஓடுற பார்லர எதுக்கும்மா மூடுறீங்க? குடும்பத்துல எதாச்சும் பிரச்சனையா?" என்று எழுத்தர் அக்கறையோடு விசாரித்தார்.

8. ஐயா, இதுவரை எழுதியதைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். இனி சிரிப்பு வரவில்லை. இந்தத் தொழிற்கூடம் கிடைக்கும் முன்பு வாடகை வீட்டு வாசலில், ஒரு தகரத்தின் கீழ் வேலை செய்தோம். மழை வந்தால் வேலை நிற்கும். அக்கம்பக்கத்தார் சத்தம் போடுவார்கள். வருகிற ஒவ்வொருவரும் "ஆம்பள ஆள் யாரும் இல்லியா?" என்று எங்கள் முகத்தைப் பார்த்தே கேட்பார்கள். இங்கே வேலை கொடுக்க வரும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஷட்டரைத் தூக்கினால் வேலை, இறக்கினால் வீடு. புருஷன் வீட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிவந்த என் நாத்தனார், இன்று ஒரு கேட்டை முழுதாகத் தனியாகவே முடிக்கிறார். அவரை மறுபடி அந்தத் தகரத்தின் கீழ் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் இல்லை. பயமாக இருக்கிறது. இதற்கு மேல் மரியாதையாக அதைச் சொல்லத் தெரியவில்லை.

9. கடைசியாக ஒன்று. திங்கட்கிழமை தங்கள் கட்டடப் பிரிவு மேற்பார்வையாளர் எங்கள் பட்டறைக்கு வந்தார். ஷட்டருக்குக் குறுக்கே போட, இரண்டு முனையிலும் பூட்டு மாட்டத் துளை வைத்த கனமான இரும்புப் பட்டை ஒன்று வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஏழாம் நம்பர் ஷெட்டுக்கு சீல் வைக்கணுமாம். பார்லர்னு சொல்லி ஏமாத்திட்டாங்களாம். நல்லா ஸ்ட்ராங்கா போடும்மா" என்றார். அவர் நின்றது ஏழாம் எண் தொழிற்கூடத்துக்குள்தான். எண் பலகையைத் தங்கள் அலுவலகம் கட்டிய விருதுப் பதாகை மறைத்திருப்பதால், அது அவருக்குத் தெரியவில்லை. பேட்டைக்குள்ளேயே வெல்டிங் பட்டறை இருப்பது எவ்வளவு வசதி என்று மகிழ்ந்து, வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். ஆக, தங்கள் அலுவலகத்தில் ஒரு பிரிவாவது என்னை வெல்டர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

வந்த வேலையைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எங்களுக்கு இல்லை. பட்டை தயார். தாங்கள் தந்த நாற்காலியில் வைத்துத்தான் செய்தோம். பூட்டுகிறவர் கையைக் கிழிக்காதபடி அதன் ஓரங்களை என் நாத்தனார் உட்கார்ந்து தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தார். முடித்துக் கீழே வைத்த பிறகு, "அண்ணி, இத நாம கொஞ்சம் மோசமா செஞ்சிருக்கலாம்ல?" என்று கேட்டார். எங்களால் அது முடியவில்லை, ஐயா.

ஆகவே, பார்வை இரண்டில் கண்ட அறிவிப்பை ரத்து செய்து, பெண்கள் செய்யக்கூடிய தொழில்களின் வரிசையில் வெல்டிங் என்று ஒரு வரி சேர்த்து, ஏழாம் எண் தொழிற்கூடத்தை எங்களிடமே விட்டுவைக்க வேண்டுகிறேன். விருதைத் திருப்பித் தர ஆயத்தமாக உள்ளேன். வரவேற்பறைப் புகைப்படத்தைக் கழற்றினால் நாத்தனாரும் நன்றியுடையவராக இருப்பார். முடிவு எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன். அந்தப் பட்டையை ஒருமுறை மாட்டிவிட்டால் எளிதில் கழற்ற முடியாது. செய்தவள் என்ற முறையில் எனக்கு அது தெரியும்.

இடம்: விருதுப் பதாகைக்குக் கீழே, தொழிற்கூடம் எண் 7
நாள்: செவ்வாய்க்கிழமை, பட்டறை மூடும் வேளை

தங்கள் திட்டத்தால் மேம்பட்ட,
(கையொப்பம்)
வெல்டர்

உடன் கையொப்பமிடுபவர்: நாத்தனார், வெல்டர்
(புகைப்படத்தில் நாற்காலியில் இருப்பவர்)