ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

பிக்கட்டி
4.1.2025

அன்புள்ள கண்ணு ராஜப்ரியாவுக்கு,

அப்பா வேலுமணி எழுதுவது. போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. எழுதுங்கள் என்றாய், எழுதுகிறேன். எட்டாங்கிளாஸ் பெயிலானவன் எழுத்து, திருத்திப் படித்துக்கொள்.

பிரஷர் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. அதைப் போடப் போடக் கணுக்கால் பீட்ரூட் மாதிரி வீங்கி, ஏழாம் நம்பர் பூட்ஸுக்குள் போக மறுத்தது. பூட்ஸ் இல்லாமல் கேரட் காட்டுச் சேற்றில் எப்படி இறங்குவது? தீபாவளிக்குத் திருப்பூரில் உன் வீட்டில் பார்த்தபோது 126தானே, குணமாகிவிட்டது என்று நானே டாக்டராகி முடிவெடுத்தேன். நேற்று ஊரில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் பார்த்த நர்ஸம்மா, "ஏனுங்க, 184 இருக்குது, நடந்துதான் வந்தீங்களா?" என்றது. "இல்லீங்க, பறந்து வந்தேன்" என்றேன். சிரிக்கவில்லை.

ஆக, பிரஷர் எனக்கில்லை, இந்த மலைக்குத்தான். இதைச் சாக்காக வைத்துக் கீழே வா என்று ஆரம்பிக்காதே.

அப்பா


திருப்பூர்
9.1.2025

அன்புள்ள அப்பா,

அந்த 126 உங்களுடையது இல்லை, மாத்திரையுடையது. இங்கத்து வெயிலும் கொஞ்சம் கைகொடுத்தது.

மருந்துக்கடையில் தினமும் பத்துப் பேருக்குச் சொல்வதை உங்களுக்குச் சொல்லாதது என் தப்பு. ரத்தக்குழாயின் சுவரில் தசை இருக்கிறது. கை கால் தசை மாதிரி நாம் சொன்னால் கேட்காது. கால்சியம் உள்ளே நுழைந்தால் இறுகும். குளிரில் இன்னும் இறுகும். குழாய் சுருங்கினால் பிரஷர் ஏறும். உங்கள் மாத்திரை கால்சியம் நுழையும் வாசலை அடைக்கிறது, தசை தளர்கிறது. சின்னக் குழாய்கள் அப்படி விரிவதால்தான் சிலருக்குக் காலில் நீர் இறங்குகிறது. அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், நிறுத்தக் கூடாது.

அம்மாவும் இப்படித்தான் நிறுத்தினாங்க.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. காட்டைக் குத்தகைக்கு விடுங்கள். பிப்ரவரி 9ஆம் தேதி வண்டி அனுப்புகிறேன்.

ப்ரியா


பிக்கட்டி
3.2.2025

கண்ணு,

உங்கம்மாவைப் பற்றி எழுதிய வரியைத் தாண்டிப் படிக்க அன்றைக்கு முடியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போய், டாக்டர் முன்னால் பேண்ட்டை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு நின்றேன். "இதை அப்பவே வந்து சொல்றதுக்கென்ன பெரியவரே?" என்றார். மாத்திரையைப் பாதியாக்கி, தசையை இறுகச் சொல்லும் சமாச்சாரத்தைத் தடுக்கிற இன்னொன்றும் சேர்த்திருக்கிறார். என் உடம்புக்குள்ளேயே என் பேச்சைக் கேட்காத ஒன்று இருப்பது அறுபத்துமூன்று வயதில்தான் தெரிந்தது. உன்னை வளர்த்தவனுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

மாத்திரை போட்டால் கால் மறுபடி வீங்குமே என்று அன்றைக்கே ஒன்பதாம் நம்பர் பூட்ஸும் வாங்கினேன். கால் வீங்கவே இல்லை. நடந்தால் தவளை மாதிரி சத்தம் வருகிறது. பக்கத்துக் காட்டு தரணிதரன், "மாமோவ், அது யாரு பூட்ஸுங்க?" என்கிறான். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இன்று காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. நர்ஸம்மா மிஷினில் 134. திருப்பூரில் இல்லை, இதே மலையில்.

நான் வரவில்லை. குத்தகைக்கும் விடவில்லை. ரத்தக்குழாயைத் தளர்த்தத்தான் சம்மதித்தேன், காட்டின் மேலுள்ள பிடியை இல்லை. ஆயுசுக்கும் மாத்திரை போடுகிறேன், இங்கேயே இருந்துகொண்டு.

9ஆம் தேதி வண்டியைத் தவறாமல் அனுப்பு. ஆறு மூட்டை கேரட் ஏற்றி விடுகிறேன். மாடி அறையில் கொட்டி வை.

உன் அப்பா,
வேலுமணி